சாக்பீஸில் போட்ட குளியலறை

— கண்ணாடித் தடுப்பு வேண்டாம்னு போன வாரமே சொல்லிட்டேன்.

— போன வாரம் சொன்னது நீங்க. நான் 'ம்'னுகூடச் சொல்லல. மேஸ்திரி, நீங்களே இந்தப் படத்தைப் பாருங்க. ஷவர் பக்கம் மட்டும் ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் ஈரம், இந்தப் பக்கம் காய்ஞ்ச தரை. அவ்வளவுதான் நான் கேக்கறது.

— படம் நல்லாத்தான் இருக்கு மேடம். தப்பா எடுத்துக்காதீங்க, இந்தப் படத்துல இருக்கற பாத்ரூம்ல ஒரு பல் தேய்க்கற பிரஷ்கூட இல்ல. மனுசங்க குளிக்கற இடம்னா ஒரு பக்கெட் இருக்கும், ஈரத்துண்டு இருக்கும், தீர்ந்துபோன ஷாம்பு டப்பாவுல தண்ணி ஊத்திக் குலுக்கி வச்சது ஒண்ணு இருக்கும்.

— எங்க வீட்ல மூணு இருக்கு.

— அதான் சொல்றேன். அதையெல்லாம் வைக்க இடம் வேணுமில்ல? வீட்ல எத்தனை பேரு?

— நாலு பேரு. நாங்க ரெண்டு பேர், பெரியவ காலேஜ் முதல் வருஷம், சின்னவன் எட்டாவது. நாலு பேருக்கும் இந்த ஒரு பாத்ரூம்தான். காலைல ஆறரைலருந்து எட்டு வரைக்கும் இந்தக் கதவு முன்னாடி பஸ் ஸ்டாண்டு தோத்துப்போகும்.

— பசங்க என்ன கேக்கறாங்க?

— பெரியவளுக்கு தலைலருந்து கால் வரைக்கும் தெரியற கண்ணாடி வேணுமாம். சின்னவனுக்கு உள்ள பாட்டு கேக்கணுமாம்.

— ரெண்டும் வேண்டாம். கண்ணாடி நெத்தி அளவுக்கு ஒண்ணு போதும். பாட்டு கூடவே கூடாது.

— பாருங்க மேஸ்திரி, இவர்கிட்ட எதைக் கேட்டாலும் முதல்ல 'வேண்டாம்'தான் வரும்.

— அது கிடக்கட்டும். நான் சொல்றதை எழுதிக்கங்க மேஸ்திரி. தரையில வழுக்காத டைல்ஸ். கம்பி, கொக்கி எதுவும் நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. வாஷ்பேசின் மூலையில வேண்டாம், மூலை இல்லாத உருண்டையா ஒண்ணு. குழாய் சுவத்துக்குள்ள புதைச்சது. சோப்பு வைக்க ஸ்டாண்டு வேண்டாம்.

— சோப்பைக் கையிலயே வச்சுக்கணுமா?

— சுவத்துலயே மாடம் மாதிரி குடைஞ்சு விடுங்க.

— அது நல்ல யோசனைதான். இப்போ எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க, பாக்கவும் அழகு. ஆனா சார், தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க எல்லாத்தையும் உருட்டச் சொல்றீங்க. நான் கட்டறது பாத்ரூமா, கோலிகுண்டா?

— உங்களுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் இப்படித்தான் கிண்டல் பண்ணினாங்க.

— நாலாவது ஆளா நானு?

— ஆமா. ஒருத்தர் போன் எடுக்கறதில்ல. ஒருத்தர் அளவு எடுத்துட்டுப் போனவர் போனவர்தான். மூணாவது ஆள் என்கூடப் பேசிப் பேசித் தலைவலின்னு போயிட்டார்.

— அவரைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. நீங்க ஒரு கொக்கிக்கு அரை மணி நேரம் பேசினீங்க.

— நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் உக்காருங்க. பாக்கவே அசதியா இருக்கீங்க. சார், வேலைலருந்து நேரா வந்தீங்களா?

— காலைல ரெண்டு இடம் முடிச்சிட்டு, மதியம் லீவு சொல்லிட்டு வந்தேன். லிஃப்ட் சர்வீஸ்.

— அப்போ நம்ம ஜாதிதான். கையில கிரீஸு.

— ஊர்ல எவன் லிஃப்ட்ல மாட்டினாலும் இவர்தான் போய்க் கதவைத் திறந்து விடணும் மேஸ்திரி. வீட்டுக்கு வந்தா உக்காந்த இடத்துலயே கண்ணு சொக்கும். ஆனா தூங்க மாட்டார்.

— அது கிடக்கட்டும்னேன். டைல்ஸ் பத்திப் பேசு.

— டைல்ஸ் சுவத்துக்கு இந்தப் பச்சை. கொஞ்சம் நீலம் கலந்த மாதிரி இருக்கு பாருங்க. ஒரு சுவத்துக்கு மட்டும் இது. மத்த மூணு சுவரும் வெள்ளை.

— வெள்ளைன்னா சோப்புக் கறை தெரியுமே.

— தெரியட்டும், தேய்ச்சுக்கலாம். பதினஞ்சு வருஷமா அந்தச் சாம்பல் கலர் சுவத்தைப் பாத்துக் குளிச்சிருக்கேன். கண்ணுக்கு ஒரு கலர் கேக்கறது தப்பா?

— தப்பில்ல. பச்சை போட்டுக்கோ.

— ஏங்க, நிஜமாவா?

— பச்சை எங்கயும் நீட்டிக்கிட்டு இல்லையே.

— அப்பா! ஒண்ணு தேறிச்சு. எழுதிக்கங்க மேஸ்திரி, மாத்திச் சொல்றதுக்குள்ள.

— எழுதியாச்சு. அப்புறம் ஒரு விஷயம். உள்ள போய்ப் பாத்தேன். கதவுல தாழ்ப்பாள் இருந்த இடத்துல நாலு ஓட்டை இருக்கு. சோப்பை உருட்டி அடைச்சு வச்சிருக்கீங்க.

— கழண்டுடுச்சு.

— நாலு திருகாணியும் ஒண்ணாவா கழண்டுச்சு?

— கழட்டினது. புதுக் கதவுக்கும் தாழ்ப்பாள் வேண்டாம். அதையும் எழுதிக்கங்க.

— எழுதாதீங்க மேஸ்திரி. தாழ்ப்பாள் வேணும்.

— இதைப் பத்தி நாம பேசி முடிச்சாச்சு.

— நீங்க முடிச்சீங்க.

— சரி சரி, அதை அப்புறம் பாக்கலாம். முதல்ல அளவு. உள்ள அஞ்சுக்கு எட்டு இருக்கு. பக்கத்து ஸ்டோர் ரூம்லருந்து ஒன்றரை அடி எடுத்தா ஆறரைக்கு எட்டு. சார், இந்த டேப்போட நுனியைப் பிடிங்க. மேடம், சோபாவைத் தள்ளிடலாமா?

— எதுக்கு? பாத்ரூம் அந்தப் பக்கம்ல இருக்கு?

— நான் காகிதத்துல போட மாட்டேன் மேடம். காகிதத்துல போட்டா எல்லாருக்கும் அரண்மனையாத் தெரியும். கட்டி முடிச்ச பிறகு முழங்கை இடிக்குதுன்னு போன் வரும். நான் ஹால் தரையில முழு அளவுல சாக்பீஸ்ல போடுவேன். வீட்ல இருக்கறவங்க ஒவ்வொருத்தரா உள்ள இறங்கி, குளிக்கற மாதிரி செஞ்சு காட்டணும். எங்க குனியறீங்க, எங்க திரும்பறீங்க, துண்டுக்கு எந்தக் கை போகுது, எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் குழாய்க்குக் குறி வைப்பேன்.

— துணியோடதானே?

— துணியோடதான் சார். பயப்படாதீங்க.

— முன்னாடி வந்த மூணு பேரும் இப்படியெல்லாம் செய்யலையே.

— அதனாலதான் நான் நாலாவதா வந்திருக்கேன். முட்டி போட்டு வரையறதுக்குள்ள என் மூட்டு கதறிடுது, இருந்தாலும் இதை விடறதில்ல. இந்தாங்க, இது நாலு சுவரு. இது கம்மோடு. இது வாஷ்பேசின், உங்க உருண்டை. இது ஷவர். இங்க கதவு. கோட்டை மிதிக்காம கதவு வழியா வரணும், சுவத்துக்குள்ள பூந்து வரக் கூடாது.

— சிரிப்பா இருக்குங்க. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?

— ஜன்னலைச் சாத்திட்டேன். மேடம், நீங்க முதல்ல.

— வந்துட்டேன். துண்டை இங்க போடறேன். பக்கெட்டுல தண்ணி பிடிக்கறேன். உக்காந்துக்கறேன்.

— உக்காந்தா குளிப்பீங்க?

— முக்காலி இருக்கு. உக்காந்துதான் குளிப்பேன். மொண்டு ஊத்தறேன். தலைக்கு. முதுகுக்கு. அப்புறம் சோப்பு இந்தக் கையில.

— நல்லது. அப்போ மாடம் கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. ஒரு நிமிஷம், தரையில என்ன தட்டறீங்க?

— எங்க?

— சோப்பு எடுத்தீங்க, விரல் முட்டியால ரெண்டு தட்டு தட்டினீங்க. முன்னாடி தண்ணி ஊத்தும்போதும் தட்டினீங்க.

— தட்டினேனா? ஐயோ, தெரியாமயே தட்டியிருக்கேன்.

— சார், நீங்க எதுக்கு அங்க போய் நிக்கறீங்க?

— எங்க?

— கதவுக்கு வெளிய. சுவத்துல தோளைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கறீங்க. நான் உங்களைக் கூப்பிடவே இல்லையே. அங்க ஒரு சுவரே இல்ல சார், பீரோ மேல சாய்ஞ்சிருக்கீங்க.

— சும்மா நின்னேன்.

— ஏங்க, சொல்லிடலாம். வீடு கட்டறவர்கிட்டயும் வைத்தியர்கிட்டயும் மறைச்சா நமக்குத்தான் கஷ்டம்.

— சொல்லு. உன் இஷ்டம்.

— எனக்கு வலிப்பு வரும் மேஸ்திரி. கல்யாணத்துக்கு முன்னாடிலருந்தே. மாத்திரை போடறேன். அடிக்கடி வராது, வந்தா சொல்லிட்டும் வராது. அதனால நான் குளிக்கும்போது யாராவது வெளிய நிப்பாங்க. நான் மக்கால பக்கெட்டைத் தட்டிக்கிட்டே இருக்கணும். தட்டற சத்தம் நின்னா உள்ள வந்துடுவாங்க.

— எத்தனை வருஷமா?

— ஒன்பது வருஷமா. இவர் இருந்தா இவர். இல்லாட்டிப் பெரியவ. அவ வாய்ப்பாடு படிச்சதெல்லாம் அந்தக் கதவுக்கு வெளியதான். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கும் மனப்பாடம்.

— ஒருநாள் தட்டறதை மறந்துட்டா மேஸ்திரி. நான் பாய்ஞ்சு உள்ள போனா, முகத்துல மஞ்சள் பூசிட்டு உக்காந்திருக்கா. என் மேலயே பக்கெட்டைக் கவுத்தா.

— கவுக்காம? குளிக்கும்போதுகூட மேளம் வாசிச்சுக்கிட்டே குளிக்கணும்னா எவளுக்குத்தான் எரிச்சல் வராது?

— தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. மேடம்னு வாய்ல வரமாட்டேங்குது இப்போ. கடைசியா எப்போ வந்துச்சு?

— மூணு வருஷம் ஆகப்போகுது. அதுவும் கட்டில்ல.

— அதனால இனிமே வராதுன்னு யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களா?

— யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. நீங்க லிஃப்டுக்கு எழுதிக் குடுக்கறீங்களா, இனிமே நிக்கவே நிக்காதுன்னு?

— அதுக்குத்தான் மாசம் ஒரு தரம் போய்ப் பாக்கறேன்.

— என்னைத் தினம் பாக்கறீங்க. ஒன்பது வருஷமாத் தினம். போதும்கறேன். இந்த வீட்ல ஒரே ஒரு கதவாவது தாழ் போடற கதவா இருக்கணும். ஒரு மனுசப் பிறவி அரை மணி நேரம் தனியா இருக்க ஒரு இடம் வேணாமா? பெட்ரூம்லயும் தாழ்ப்பாள் கிடையாது மேஸ்திரி. எல்லாக் கதவுலயும் நாலு நாலு ஓட்டை.

— கத்தாதே.

— கத்தலைங்க. கத்தறதுக்கும் தெம்பு வேணும்.

— மேஸ்திரி, நீங்க அன்னைக்கு இல்ல. அதனால இவ சொல்றது உங்களுக்கு நியாயமாத் தெரியும்.

— என்னைக்கு சார்?

— வேண்டாங்க. அதை எதுக்கு மறுபடி?

— சொல்றேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. சின்னவனுக்கு நாலு வயசு. உள்ள டமால்னு ஒரு சத்தம். கூப்பிட்டேன், பதில் இல்ல. கதவு உள்ள தாழ் போட்டிருக்கு. தோளால இடிச்சேன், காலால உதைச்சேன். நாலாவது உதையில, நிலையில தாழ்ப்பாள் மாட்டற வளையம் பிச்சுக்கிட்டு விழுந்த சத்தம் எனக்கே கேட்டுச்சு. ஆனா கதவு திறக்கல. நாலு விரல்கடை திறந்து நின்னுடுச்சு.

— அப்புறம்?

— இன்னும் தாழ்ப்பாள்தான் மாட்டிக்கிட்டு இருக்குன்னு நினைச்சேன். சின்னவன் அழறான். முழு பலத்தையும் வச்சுத் தள்ளினேன். மேஸ்திரி, அது தாழ்ப்பாள் இல்ல. இவ. கதவுக்குப் பின்னாடி விழுந்து கிடந்தா. நான் இவ மேலதான் கதவைத் தள்ளிக்கிட்டு இருந்தேன். விழுந்ததுல இவளுக்கு ஒரு கீறல்கூட இல்ல. தோள் எலும்பு உடைஞ்சது நான் தள்ளினதுல.

— எலும்பு கூடிடுச்சு மேஸ்திரி. ஒன்றரை மாசத்துல சேந்துடுச்சு. இவருக்குத்தான் இன்னும் சேரல.

— அன்னைக்கு ஆஸ்பத்திரிலருந்து வந்ததும் சட்டையைக்கூட மாத்தல. ஸ்க்ரூட்ரைவரை எடுத்து வீட்ல இருந்த அத்தனை தாழ்ப்பாளையும் கழட்டினேன். அதை மறுபடி மாட்டுன்னு சொன்னா எனக்குக் கை வராது.

— உக்காருங்க சார். தண்ணி குடிங்க.

— நான் நல்லாத்தான் இருக்கேன்.

— தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளுங்க.

— இப்போ இருக்கற கதவு, அன்னைக்கு இருந்த அதே கதவா?

— அதே கதவு. உடைஞ்ச பலகையை மட்டும் ஆணி அடிச்சுச் சேத்தேன்.

— கீலு?

— கீலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தரம் எண்ணெய் விடறேன்.

— எந்தப் பக்கம் திறக்குது?

— உள்பக்கம்.

— சார்.

— என்ன?

— தாழ்ப்பாள் இல்ல, சரி. இன்னைக்குத் தங்கச்சி அன்னைக்கு விழுந்த அதே இடத்துல விழுந்தா, நீங்க எப்படி உள்ள போவீங்க?

— தள்ளி...

— தள்ளி?

— ஏங்க. ஏன் அப்படிப் பாக்கறீங்க? மேஸ்திரி, அவருக்கு அந்த நாற்காலியைப் போடுங்க.

— தாழ்ப்பாள் இருந்தாலும் இல்லாட்டியும் அந்தக் கதவு அதேதான் சார் செஞ்சிருக்கும். நீங்க கழட்டியிருக்க வேண்டியது கீலை. கதவைத் திருப்பி வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாட்டியிருந்தா அன்னைக்கே அந்தக் கவலை முடிஞ்சிருக்கும். ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை.

— அரை நாள்.

— நிலையில கொஞ்சம் செதுக்கணும். அவ்வளவுதான்.

— ஒன்பது வருஷமா நான் வெளிய நின்னு காவல் காத்திருக்கேன். இவ விழுந்திருந்தா நான் மறுபடி அதே கதவை அதே மாதிரி இவ மேல தள்ளியிருப்பேன். அதுக்கு எண்ணெய் வேற விட்டிருக்கேன்.

— எனக்கும்தாங்க தோணல. வந்து போன எவனுக்கும் தோணல. டாக்டருக்குத் தோணல.

— நான் கதவு பாக்கறவன்டி. என் வேலையே கதவுதான். எந்த லிஃப்ட் கதவைப் பாத்தாலும் எது எங்க சிக்கியிருக்குன்னு சத்தத்துலயே சொல்வேன். எப்படி எனக்குத் தெரியாம போச்சு?

— அங்க போனா உங்களுக்குக் கதவு தெரியும். இங்க நான் தெரியறேன். அதான்.

— சிரிக்கிறியா?

— அழறதுக்கு பதிலாங்க. ரெண்டுக்கும் ஒரே அசதிதான்.

— நாயைக் கண்டா கல்லைக் காணோம்னு சொல்வாங்க சார். பயந்து ஓடும்போது எது கைக்குக் கிடைக்குதோ அதைத்தான் பிடிப்போம். உங்க கைக்கு அன்னைக்குத் தாழ்ப்பாள் கிடைச்சிருக்கு. விடுங்க. என் தம்பி வீட்டுக்கு நானே கதவு போட்டேன், உள்பக்கம்தான் போட்டேன். எல்லாரும் அப்படித்தான் போடறோம்.

— புதுக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். எழுதுங்க.

— எழுதியாச்சு. தாழ்ப்பாளுக்கும் வழி இருக்கு. உள்ளருந்து குமிழைத் திருகினா பூட்டிக்கும். வெளிப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். ஒரு காசை அதுல வச்சுத் திருகினா வெளியிலருந்து திறந்துடும். இடிக்க வேண்டாம், உதைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகூடத் திறக்கும்.

— காசா?

— காசுதான். அவசரத்துக்கு நகம்கூடப் போதும்.

— கேட்டீங்களாங்க? இப்பவாவது சரின்னு சொல்லுங்க.

— நீ இதை விடவே மாட்டியா?

— விடமாட்டேன். பச்சைச் சுவரை வேணா விட்டுக் குடுக்கறேன். கண்ணாடியை விட்டுக் குடுக்கறேன். முழு பாத்ரூமையும் நீங்க சொல்ற மாதிரி கோலிகுண்டாவே கட்டிக்கங்க. இது ஒண்ணு மட்டும் வேணும்.

— பச்சையை விட்டுக் குடுப்பியா?

— குடுப்பேன்.

— வேண்டாம். பச்சை இருக்கட்டும். தாழ்ப்பாளும் போடுங்க மேஸ்திரி. காசு வைக்கற ரகம். ஆனா மாட்டினதும் முதல்ல நான் வெளியிலருந்து பத்துத் தடவை திறந்து பாப்பேன்.

— நூறு தடவை பாருங்க சார். தங்கச்சி, நிம்மதியா?

— இன்னும் இல்ல. வேலை முடியட்டும்.

— அப்போ சார், எழுந்திரிங்க. நீங்க இன்னும் குளிக்கல.

— நானா? இவ குளிச்சா போதாதா?

— ஷவருக்கு உயரம் வேணும். வீட்டுல நெட்டை ஆள் நீங்கதான். கதவு வழியா வாங்க.

— வந்துட்டேன். பக்கெட். ஊத்தறேன். சோப்பு. ஊத்தறேன். ஆச்சு.

— ஆச்சா? காக்கா குளிச்சாக்கூடச் சிறகை ரெண்டு தரம் உதறும் சார். நிதானமா. ஷவர் அந்தச் சுவத்துல இருக்கு, நீங்க முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க.

— நான் கதவைப் பாத்துதான் நிப்பேன்.

— சரி, பழக்கம் போல. கதவைச் சாத்துங்க. கோடுதான், சும்மா கையால சாத்தற மாதிரி காட்டுங்க. குமிழ் எங்க வரும்னு பாக்கணும்.

— நான் சாத்தறதில்ல மேஸ்திரி. ஒரு சாண் திறந்தே இருக்கும்.

— ஏன் சார்? உங்களுக்குமா வலிப்பு?

— எனக்கென்ன? அவ அடுப்படியில இருப்பா. ஏதாவது விழுந்தா கேக்கணுமில்ல?

— ஷவர் போடும்போது எப்படிக் கேக்கும்?

— ஷவர் போடறதில்ல. இரைச்சல். மெதுவா மொண்டு ஊத்திக்குவேன்.

— ஒரு தட்டு கீழ விழுந்தாப் போதும் மேஸ்திரி, இடுப்புல துண்டோட ஹால்ல வந்து நிப்பார். பாதி நாள் காதுல சோப்பு காய்ஞ்சு போயிருக்கும். அப்படியே சட்டையைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிடுவார். சாயங்காலம் நான்தான் ஈரத்துணியால துடைச்சு விடுவேன். அவருக்கு அதுவும் தெரியாது, கழுத்து வலிக்குப் பிடிச்சு விடறேன்னு நினைச்சுக்குவார்.

— அது சோப்பா?

— பின்ன?

— அது கிடக்கட்டும். மேஸ்திரி, நேரமாகுது, மிச்ச அளவை எடுங்க.

— ஒரே ஒரு அளவுதான் பாக்கி. தாழ்ப்பாள் உயரம். தங்கச்சி, இந்தக் கதவுக் கோட்டுக்கிட்ட வந்து நில்லுங்க. கையைச் சும்மா நீட்டுங்க, குறிச்சுக்கறேன்.

— என் கையை எதுக்கு அளக்கறீங்க? அவர் கையை அளங்க.

— ஏன் தங்கச்சி, கேட்டது நீங்கதானே?

— கேட்டது நான்தான். எனக்குன்னு எப்போ சொன்னேன்?

— என்ன சொல்ற நீ?

— எனக்குக் கதவே இல்லாட்டியும் பரவாயில்லைங்க, பழகிப்போச்சு. முதல்லயே உங்களுக்குன்னு சொல்லியிருந்தா 'எனக்கெதுக்கு'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பீங்க. மேஸ்திரி, அவர் கைக்கு வாகாக் குறிங்க. ஷவரும் நல்ல வேகமா வர்றதாப் பாருங்க. ஏங்க, என்னைப் பாருங்க. காலைல பெரியவ என் பக்கத்துல இருப்பா, பேசி வச்சிட்டேன். நீங்க உள்ள போங்க, கதவைச் சாத்தித் தாழைப் போடுங்க. ஒரு நாளாவது, நான் விழுந்தாலும் காதுல கேக்காத அளவுக்குத் தண்ணியைத் தொறந்து விட்டுக் குளிங்க.